நம்ம தம்பி

அந்த மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் மூத்த எழுத்தராக இருந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் அதைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் பெரிய டாக்டர் முதல் படிக்கட்டு துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் நோட்டம்மாதான். அவள் மேசையின் வலதுபக்க இழுப்பறையில் பூட்டிக் கிடந்த நீளமான பச்சை அட்டை நோட்டு கொடுத்த பட்டம் அது. நோட்டுக்கு அன்பளிப்புப் பதிவேடு என்று பெயர். மருந்து, ஊசி, குழாய், கையுறை என்று மருத்துவமனைக்கு எதையாவது விற்கிற கம்பெனிக்காரர்கள் இங்கே வேலை பார்க்கிற யாருக்கு எதைக் கொடுத்தாலும் அது அந்த நோட்டில் ஏற வேண்டும். என்ன பொருள், யார் கொடுத்தது, யாருக்கு, எவ்வளவு மதிப்பு, திருப்பி அனுப்பியாயிற்றா என்று வரிக்கு ஐந்து கட்டம்.

பதினோரு வருடமாக அவள் ஏற்றியவற்றைப் படித்தால் சிரிப்பு வரும். மலச்சிக்கல் மருந்தின் பெயர் அச்சடித்த காப்பிக் கோப்பை ஒன்று. சிறுநீரக வடிவச் சாவி வளையம் இருபது. கையில் வைத்துப் பிசைய ரப்பர் இதயம் ஆறு, அதில் ஒன்று கிழிசல். இனிப்புப் பெட்டி வந்தால் குழந்தைகள் வார்டுக்குப் போகும், போனதையும் எழுதுவாள். மூட்டு மாற்று நிபுணர் மனைவியோடு கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்கி வந்தது மட்டும் நோட்டில் ஏறாது. ஏனென்றால் அது கல்வி. 'கல்வி நிகழ்ச்சிகள் நீங்கலாக' என்று விதியிலேயே போட்டிருக்கிறது. முழங்கால் கம்பெனிக்காரன் செலவில் அலையைப் பார்த்துக்கொண்டு அவர் என்ன பாடம் படித்தார் என்று கேட்கிற கட்டம் எந்த நோட்டிலும் கிடையாது. விதி எழுதினவர்களைச் சும்மா சொல்லக் கூடாது. தங்கள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டையை அளந்துதான் விட்டிருந்தார்கள்.

நோட்டம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. "என் கட்டத்துக்குள்ள வர்றதை நான் ஒழுங்கா எழுதுவேன். வராததுக்கு நான் என்ன பண்றது?" என்பாள். அவளைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. "நோட்டம்மா, இப்ப தும்மினேன், கம்பெனிக்காரர் கைக்குட்டை நீட்டினார். எழுதிக்கோங்க" என்பான் எதிர் மேசை இளநிலை எழுத்தர். தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி செண்ட் அடித்து, சட்டை மடிப்புக் கலையாமல் வருவதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். பையில் இருக்கும் பேனா முதல் கையில் கட்டிய கடிகாரம் வரை அவனுடையவற்றில் எது சம்பளத்தில் வாங்கியது என்று அவனுக்கே மறந்து போயிருக்கும்.

நோட்டைத் தவிர அவளிடம் இன்னொரு வேலையும் இருந்தது. கேட்பதற்கு அற்பமான வேலை. வாங்கிப் போட்ட பொருளில் கோளாறு இருந்தால் வார்டு சிஸ்டர்கள் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். மூன்று மாதத்துக்குள் ஒரே பொருளுக்குப் பத்துச் சீட்டு சேர்ந்தால் அந்தப் பொருளை நிறுத்திவைத்து, கொள்முதல் குழுவின் முன் வைத்து, மறுபடி சோதிக்க வேண்டும். சீட்டை எண்ணுவது நோட்டம்மா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும் அந்த வேலைக்கு. ஆனால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு சீட்டைத் தொலைத்துவிடாத ஆளாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் என்று சிஸ்டர்களுக்கும் தெரியும், கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும்.

வீட்டில் அவளுக்குக் கணவரும் ஒரே மகனும். கணவர் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் படித்து முடித்து மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தான். முப்பத்து நான்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தான். ஒவ்வொன்றுக்கும் அதே வெள்ளைச் சட்டை. "அத்தனை கம்பெனிக்காரனும் உன் மேசை முன்னாடி வந்து நிக்கிறான். பையனுக்காக ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று கணவர் கேட்காத நாள் இல்லை. "கேட்டுட்டு அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த நோட்டைத் திறக்கிறது?" என்று அவளும் சொல்லாத நாள் இல்லை. முதல் வருடம் மகன் அப்பா பக்கம் நின்றான். மூன்றாம் வருடம் ஆனபோது அவனுக்கும் ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. "அம்மா யார்கிட்டயும் கேக்க வேண்டாம்ப்பா. கிடைச்சா நானா வாங்கறேன்" என்றான். அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதாள். பெருமையால் பாதி, பயத்தால் பாதி.

முப்பத்தைந்தாவது இடத்தில் கிடைத்தது. சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை, முதல் ஒரு வருடம் தற்காலிகம். சேதி கேட்டதும் நோட்டம்மா செய்த முதல் காரியத்தைக் கேட்டால் எரிச்சல் வரும். அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், மருத்துவமனைக்குப் பொருள் கொடுக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளின் பட்டியலை எடுத்து, வரிக்கு வரி விரலை வைத்து அந்தக் கிடங்கின் பெயரைத் தேடினாள். இல்லை. இரண்டாம் முறையும் தேடினாள். இல்லவே இல்லை. அதற்குப் பிறகுதான் சந்தோஷப்பட்டாள்.

வேலை கிடைத்த பிறகு அந்தப் பிள்ளை வேறு ஆளாகிவிட்டான். நன்றாகச் சாப்பிட்டான். செய்தி பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சண்டை போட்டான். பழைய வகுப்புத் தோழர்களின் போன் வந்தால் குளியலறைக்குள் ஓடுவதை நிறுத்தினான். "யார் காலையும் பிடிக்காம வாங்கின வேலைப்பா" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவான். அப்பா எதிர்வாதம் செய்யாமல் கேட்டுக்கொள்வார். அந்த வீட்டில் பத்து மாதம் அப்படி நன்றாகப் போயிற்று.

அதே சமயத்தில்தான் வார்டுகளில் ஓடுகாலி வந்து சேர்ந்தது. ஓடுகாலி என்பது சிஸ்டர்கள் வைத்த பெயர். டிரிப் ஏற்றுகிற குழாய்தான் அது. குழாயின் நடுவே ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதை உருட்டித்தான் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று நிறுத்துவார்கள். புதிதாக வந்த இந்தக் குழாயில் அந்தச் சக்கரம் நிறுத்திய இடத்தில் நிற்காது. இருபது சொட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பினால் அறுபதில் ஓடிக்கொண்டிருக்கும். இளவட்டங்களுக்கு ஒன்றும் ஆகாது. இதயம் பலவீனமான வயதானவர்களுக்கு அத்தனை தண்ணீரும் நுரையீரலில் போய்த் தேங்கும். சிஸ்டர்கள் சக்கரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தார்கள். "கட்டிப் போட்டாலும் ஓடுதுக்கா" என்று ஆண்கள் வார்டு சிஸ்டர் எட்டாவது மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து நோட்டம்மாவின் மேசையில் வைத்தாள். பிறகு ஒன்பதாவதும் வந்தது.

அந்தக் குழாய் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். கறுப்புப் பெட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக அவர் நீட்டிய பேனாக்களையும் நாட்காட்டிகளையும் நோட்டம்மா திருப்பிக் கொடுத்து வந்ததில் இருவருக்கும் நடுவே ஒரு மரியாதை வளர்ந்திருந்தது. ஒன்பதாவது சீட்டு வந்த வாரத்தில் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு வந்து, பெட்டியைத் திறக்காமலே எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் நீட்டலையா?" என்றாள் நோட்டம்மா.

"நீட்டினா திருப்பிக் குடுத்துடுவீங்க. எதுக்கும்மா உங்களுக்கு ஒரு வரி எழுதற வேலை" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது சொன்னார்: "நம்ம தம்பி ரொம்ப நல்லா பண்றாராம்மா. வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த மாசமே நிரந்தரம் பண்ணப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு."

தமிழில் 'எங்க' வேறு, 'நம்ம' வேறு. 'எங்க வீடு' என்று சொன்னால் கேட்கிறவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். 'நம்ம வீடு' என்றால் அவரும் உள்ளே வந்துவிட்டார். பேச்சுவாக்கில் சொல்கிறவர்களும் உண்டுதான். முன்பின் தெரியாத வண்டிக்காரர்கூட 'நம்ம வண்டியில ஏறுங்க' என்பார். ஆனால் பெட்டிக்காரர் அந்த மேசையில் இத்தனை வருடம் பேசியதெல்லாம் 'எங்க கம்பெனி', 'உங்க ஆஸ்பத்திரி' என்றுதான். நம்ம என்ற சொல் அந்த மேசையைத் தாண்டி வந்ததே கிடையாது. நோட்டம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நம்ம தம்பின்னா யாரு?"

"வேற யாரு, உங்க பையன்தான்."

"அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? அந்தக் கிடங்கு எங்க முதலாளியோட மச்சினர் பேர்ல இருக்கு. எங்க சரக்கெல்லாம் அங்கதான் இறங்குது. ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் பெட்டிக்காரர், ஏதோ அவளுக்குத் தெரிந்த விஷயத்தையே சொல்கிறவர் போல. போய்விட்டார்.

பட்டியலில் கம்பெனியின் பெயர் இருந்தது. மச்சினரின் பெயர் இல்லை. வரிக்கு வரி விரல் வைத்துத் தேடியவளுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் அவள் நரகத்தில் இருந்தாள். விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வேண்டியவர் யாராவது ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கினால், எழுத்து மூலம் சொல்லிவிட்டு அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட காகிதத்திலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்கினால் ஓடுகாலியின் கோப்பு எதிர் மேசைக்குப் போகும். மாப்பிள்ளையின் மேசைக்குப் போன சீட்டுகள் எதுவும் எண்ணிக்கைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. எழுதாமல் இருந்துகொண்டு பத்தாவது சீட்டு வந்ததும் நிறுத்திவைத்தால்? மகனை நிரந்தரமாக்கச் சொல்லி மிரட்டிப் பார்த்தாள், படியாததால் பழிவாங்கினாள் என்று கம்பெனிக்காரன் புரட்டிப் போடுவான். குழாய் மறுபடி உள்ளே வந்துவிடும், அவள் வெளியே போவாள். மூன்றாவது வழியும் இருந்தது. ஒரு சீட்டைத் தொலைத்துவிட வேண்டியது. ஒரே ஒரு மஞ்சள் காகிதம். மகன் நிரந்தரம் ஆகிவிடுவான், யார் காலையும் பிடிக்காமல். அந்த மூன்றாவது வழி அவள் மனத்துக்குள் வரவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை வந்தது. இரண்டாவது தடவை நிறைய நேரம் உட்கார்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் காலை ஆண்கள் வார்டு சிஸ்டர் பத்தாவது சீட்டைக் கொண்டுவந்தாள். "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்கக்கா. இதோட பத்து. இனிமே அந்த சனியனை நிறுத்திடுவீங்கல்ல?" என்றாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. நோட்டம்மா கையெழுத்துப் போட்டாள். சீட்டை மற்ற ஒன்பதோடு சேர்த்துக் கோப்பில் வைத்தாள்.

மத்தியானம் பச்சை நோட்டைத் திறந்தாள். பொருள் என்ற கட்டத்தில் 'எழுத்தரின் மகனுக்கு வேலை' என்று எழுதினாள். கொடுத்தவர், பெற்றவர் கட்டங்களை நிரப்பினாள். மதிப்பில் மாதச் சம்பளத்தைப் போட்டாள். திருப்பி அனுப்பப்பட்டதா என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பதினோரு வருடத்தில் அவள் காலியாக விட்ட ஒரே கட்டம் அது. பிறகு ஒதுங்கிக்கொள்ளும் படிவத்தை எடுத்து நிரப்பினாள். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: குழு முடிவெடுக்கும் வரை இந்த விவரத்தைக் குடும்பத்தார் உள்பட எவரிடமும் பகிரக் கூடாது. மற்றவர்கள் அந்த வரியைப் படித்ததுகூட இருக்காது. நோட்டம்மா படித்தாள், கீழ்ப்படிந்தாள். மகனிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கு முன்னால் காகிதத்திடம் சொன்னாள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளாலும் பிறகு முடியவில்லை.

நிர்வாக அதிகாரி படிவத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா இந்த ஆஸ்பத்திரி எங்கயோ போயிருக்கும்மா" என்றார். உண்மையாகவே நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னார். அடுத்த நிமிடம் மணியை அடித்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஓடுகாலியின் கோப்பை அவன் கையில் கொடுத்தார்.

"சார், உள்ள பத்துச் சீட்டு இருக்கு. எண்ணிப் பார்த்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"அம்மா, நீங்க ஒதுங்கியாச்சு. இனிமே இதைப் பத்தி நீங்க பேசக் கூடாது" என்றார் அதிகாரி, மிக மென்மையாக.

ஒதுங்குவது என்றால் வெறும் சொல் இல்லை. அந்த அறையில் யார் ஓடுகாலிப் பேச்சை எடுத்தாலும் அவள் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். பெட்டிக்காரர் வருவார், மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போடுவான், "நோட்டம்மா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்களேன்" என்பான். அவள் வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாயருகே நிற்பாள். அவள் சொந்த மேசையில் அவர்களுக்கு டீ வரும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஐம்பத்தேழு வயதில் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த மாணவி போல் அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி நின்ற ஒருநாள் ஆண்கள் வார்டு சிஸ்டர் வேகமாக வந்தாள். கையில் பதினோராவது மஞ்சள் சீட்டு.

"ஏழாம் கட்டில் பெரியவர் போயிட்டாருக்கா."

ஏழாம் கட்டில் பெரியவர் ஓய்வு பெற்ற தபால்காரர். யார் எந்த ஊர் என்று சொன்னாலும் அந்த ஊரின் அஞ்சல் எண்ணைச் சட்டென்று சொல்லி சிஸ்டர்களை அசத்துவார். எட்டு மணி நேரம் ஏற வேண்டிய பாட்டில் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. மூச்சு வாங்கி, உதடு நீலமாகி, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மரணச் சான்றில் இதய பலவீனம் என்று எழுதியிருந்தார்கள். பொய்யும் இல்லை.

"இதை வாங்கிக்கோங்க" என்று சீட்டை நீட்டினாள் சிஸ்டர்.

"என்கிட்ட குடுக்கக் கூடாதும்மா. மாப்பிள்ளைகிட்ட குடு."

"அவர்கிட்ட குடுத்தா அது எங்க போகும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பத்து வந்ததும் நிறுத்திடுவீங்கன்னுதானே நாங்க எழுதி எழுதிக் குடுத்தோம்?"

நோட்டம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளாவிட்டால் கை தானாக நீண்டு வாங்கியிருக்கும். சிஸ்டர் சீட்டை நான்காக மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் இவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

குழுவின் முடிவு அடுத்த வாரம் வந்தது. குழாயில் கோளாறு இல்லையாம். சிஸ்டர்களுக்குத்தான் அதைக் கையாளப் பயிற்சி போதவில்லையாம். பயிற்சியைக் கம்பெனியே இலவசமாக நடத்தும். நடத்தினார்கள், சாப்பாட்டுப் பொட்டலமும் கைப்பையும் கொடுத்தார்கள். அது கல்வி, ஆகையால் நோட்டில் ஏறவில்லை. ஓடுகாலியின் ஒப்பந்தம் மேலும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. நோட்டம்மா ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

அன்று வராந்தாவில் பெட்டிக்காரர் அவள் முன்னால் வந்து நின்றார். அவளுடைய முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"மனசை விட்டுடாதீங்கம்மா. உங்களை யாரும் தப்பா நினைக்கலை. நீங்க கண்டிப்பா எழுதிடுவீங்கன்னு எங்க முதலாளிக்கு முதல்லயே தெரியும். 'அந்தம்மாவை வாங்க முடியாது. ஆனா பையனை எடுத்துக்கிட்டா அவங்களே எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிடுவாங்க'ன்னு சொல்லித்தான் தம்பியை எடுக்கவே சொன்னார். பத்து மாசம் ஆகியும் உங்களுக்குத் தெரியலைன்னதும், போய்க் காதுல போட்டுட்டு வான்னு என்னை அனுப்பினார். உங்க நேர்மை மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கைம்மா."

பெட்டிக்காரர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். லஞ்சம் வந்தது, வாங்கவில்லை என்றுதான் இத்தனை நாள் உள்ளுக்குள் ஒரு மூலையில் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். லஞ்சமே இல்லை அது. அவள் எழுதக் கூடாது என்று அல்ல, எழுத வேண்டும் என்பதற்காக வைத்தது. பூட்டிய இழுப்பறையும் பச்சை நோட்டும் பதினோரு வருட வீம்பும் அவர்களுக்கு ஒரு கைப்பிடியாக இருந்திருக்கின்றன. பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்த நோட்டு இத்தனை வருடத்தில் உருப்படியாகப் பிடித்த ஒரே ஆள் அவள்தான். இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் பிடிக்க வந்த நோயாளியின் மனைவி ஒருத்தி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

மகனுக்கு நிரந்தர ஆணை கொடுத்துவிட்டார்கள். அதைக் கொடுத்த கிடங்கு மேலாளர், "உங்க அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிடு. உன்னை அன்பளிப்பு நோட்டுலயே ஏத்திட்டாங்களாமே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். மகன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகிற வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சாப்பாட்டு மேசையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முப்பத்தி நாலு இடத்துல என்னை வேண்டாம்னாங்க. எடுத்த ஒரே இடமும் என்னை எடுக்கலை, உன்னை எடுத்திருக்கு. அப்படித்தானே?"

"நீ நல்லா வேலை செய்றே. அது பொய்யில்லை."

"நோட்டுல ஏத்தினதை நீ முதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகு அந்த மேலாளர் வாயாலயா நான் கேக்கணும்?"

சொல்லக் கூடாது என்று படிவத்தில் போட்டிருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வாக்கியம் தனக்கே எப்படிக் கேட்கும் என்று தெரிந்து மூடிக்கொண்டாள். சமையலறை வாசலில் கணவர் கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"சரி, நான் இந்த வேலையை விட்டுடறேன்" என்றான் மகன். "இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன். நான் வெளிய வந்துட்டா நீ மறுபடி உள்ள போகலாம்ல? அந்தக் குழாயை நிறுத்திடுவியா?"

ஏழாம் கட்டில் பெரியவரைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் கண்ணில் அது இருந்தது. நிறுத்திடுவேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டிருப்பான். மறுபடி அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முப்பத்தாறாவது இடத்துக்குக் கிளம்பியிருப்பான். தலையும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். ஆனால் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. அவளுக்கு மிச்சம் பதினான்கு மாதம். பத்துச் சீட்டு இருந்த கோப்பில் இப்போது எத்தனை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"முடியாதுப்பா" என்றாள்.

"நான் விட்டாலும் முடியாதா?"

"முடியாது."

மகன் மேசையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

"அப்போ எதுக்கும்மா எழுதினே?"

அவள் அவனுடைய சாப்பாட்டு டப்பாவை மூடி அவன் பக்கம் நகர்த்தினாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். இரண்டாவது தடவை ஹாரன் அடித்ததும், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.